றெக்கை விளக்குக்கு நான் போட்ட வயர்

நாமே கட்டும் சிறிய விமானத்துக்கு எந்த வயர் வாங்குவது என்று எழுதித் தரச் சொல்லிக் கேட்டிருக்கிறீர்கள். அது ஒரு பத்தியில் முடிகிற சமாசாரம். விமானத்துக்கென்றே செய்த வயரை வாங்குங்கள். உள்ளே ஒற்றைக் கம்பியாக இருக்கக் கூடாது. வெள்ளீயம் பூசிய மெல்லிய செம்பு இழைகள் பல சேர்ந்திருக்க வேண்டும். ஒற்றைக் கம்பி இன்ஜினின் அதிர்வில் என்றாவது ஒருநாள் முறியும். மேல் உறை சூட்டைத் தாங்க வேண்டும். தீப்பட்டாலும் தானாக அணைய வேண்டும். எவ்வளவு மின்சாரம் எவ்வளவு தூரம் போகிறது என்று பார்த்துப் பருமனை முடிவு செய்யுங்கள். ஃபியூஸ் போடுவது வயரைக் காப்பாற்ற. ஆகவே வயரைப் பார்த்து ஃபியூஸ் போடுங்கள். வயர் முனையில் வைத்து நசுக்கி இணைக்கும் லக் எந்தப் பருமனுக்குச் செய்ததோ அந்தப் பருமன் வயருக்கு மட்டுமே அதைப் போடுங்கள். முடிந்தது.

இவ்வளவும் எனக்கு முப்பது வருஷத்துக்கு மேலாகத் தெரியும். மின்பொறியியல் படித்தவன், பெங்களூரில் ஒரு விமானப் பராமரிப்புப் பட்டறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். அப்படிப்பட்ட நான்தான் இந்தக் குடோனில், இதே விமானத்தில், தப்பான வயரைத் தெரிந்தே போட்டேன். உங்களுக்குப் பிரயோஜனப்படுவது அந்தக் கதைதான் என்று நினைக்கிறேன். புத்தகத்தில் இருப்பதை நீங்களே படித்துக்கொள்வீர்கள்.

நான் ஓய்வு பெற்றுக் கோவில்பட்டிக்குத் திரும்பி வந்து, ஒரு மழைக்காலம் முழுக்கப் பேப்பர் படித்தே அலுத்துப்போயிருந்த நேரத்தில் தங்கப்பாண்டி வீடு தேடி வந்தார். விளாத்திகுளத்தில் மிளகாய் வத்தல் வியாபாரி. நாற்பது வயதுக்கு மேல் விமானம் ஓட்டக் கற்று உரிமமும் வாங்கியிருந்தார். பெரிய பெரிய மரப்பெட்டிகளில் பாகம் பாகமாக ஒரு விமானத்தை வரவழைத்து, தன் வத்தல் குடோனில் பாதியை ஒழித்து, அங்கே வைத்துப் பூட்டிக்கொண்டிருந்தார். குடோனுக்குப் பின்னால் கரிசல் நிலத்தில் சரளை போட்டு உருட்டி ஓடுபாதையும் தயார்.

"அண்ணாச்சிக்கு பிளேன் வயரிங் தெரியுமாம்லா?" என்றார், உட்காருவதற்கு முன்னாலேயே.

"தெரியும்."

"நம்ம பம்புசெட்டுக்கு வயரிங் பாக்குத ஆள வச்சே முடிச்சிரலாம்னுதான் இருந்தேன். கோமதி விடமாட்டேங்கா."

"ஏன்?"

"பம்புசெட்டு நின்னா கெணத்துல எறங்கிப் பாப்பான், நீங்க நின்னா எதுல ஏறிப் பாப்பான்னு கேக்கா."

கோமதி அவர் மனைவி. குடோன் நிர்வாகம் முழுக்க அந்த அம்மாதான். அந்த ஒரு கேள்விக்காகவே நான் இந்த வேலைக்கு ஒப்புக்கொண்டேன் என்று சொன்னால் நம்புவீர்களோ என்னவோ.

முதல் நாளே தங்கப்பாண்டிக்கும் எனக்கும் வாக்குவாதம். வெளிநாட்டு வயருக்கு நான் எழுதிக் கொடுத்த பட்டியலைப் பார்த்துவிட்டு, "செம்புக்கம்பி எங்க இருந்தாலும் செம்புக்கம்பிதானே அண்ணாச்சி? கோவில்பட்டி பஜார்ல கெடைக்காததா?" என்றார்.

கையோடு கொண்டு வந்திருந்த இரண்டு துண்டு வயர்களை எடுத்தேன். ஒன்று பஜாரில் கிடைக்கும் சாதாரண பிவிசி வயர். இன்னொன்று விமான வயர். தீப்பெட்டி இருக்கிறதா என்று கேட்டேன். கோவில்பட்டிக்காரனுக்கு அதற்கா பஞ்சம், என் பையிலேயே இருந்தது. இருந்தாலும் ஒரு மரியாதைக்குக் கேட்டேன். அவர் பதறிப்போய், "இங்கன வேண்டாம், வெளிய வாங்க. சாக்கு இருக்கு" என்று என்னை வேப்பமரத்தடிக்குத் தள்ளிக்கொண்டு போனார்.

விமான வயரைத் தீயில் காட்டினேன். உறை கருகிச் சுருங்கியது. குச்சியை எடுத்ததும் அணைந்தது. பிவிசி வயரைக் காட்டியதும் உறை உருகிச் சொட்டி, கரும்புகை கிளம்பியது. தங்கப்பாண்டி ஆர்வத்தில் மூக்கைப் பக்கத்தில் கொண்டுவந்தார். அடுத்த நொடி வயிற்றைப் பிடித்துக்கொண்டு இருமினார். கண்ணில் தண்ணீர்.

"ஏ யப்பா! பொறந்ததுலேர்ந்து வத்தலுக்குள்ளயே கெடக்கேன். ஒரு தும்மல் போட்டதில்ல. இது என்ன இந்தக் கமறு கமறுது!"

"இது வெளியில, மரத்தடியில. ரெண்டு பேர் உக்காருற கண்ணாடிக் கூண்டுக்குள்ள, மேல போயிட்டிருக்கும்போது வந்தா?"

அவர் பட்டியலை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். வயர் வந்தது. அன்றிலிருந்து எனக்கு ஒரு பெயரும் வந்தது. குடோனுக்கு யார் வந்தாலும் தங்கப்பாண்டி அந்தத் தீக்குச்சிக் கதையைச் சொல்லி, "அண்ணாச்சி கண்ணுல மண்ணத் தூவ முடியாது" என்று முடிப்பார். நானும் அதைக் கேட்டுக்கொண்டு, கேட்காதவன் போல வேலை செய்வேன். அந்தப் பெயர் எனக்கு எவ்வளவு பிடித்துப்போயிருந்தது என்பதை இப்போது சொன்னால்தான் பின்னால் நடந்தது உங்களுக்குப் புரியும்.

பெங்களூரில் எனக்கு ஒரு மேலாளர் இருந்தார். எங்கள் வேலையைச் சரிபார்க்க வருவார். "முடிஞ்சுதா?" என்று கேட்பார். "முடிஞ்சுது" என்று சொன்னால் கையெழுத்துப் போடுவார். "எல்லாம் பக்காவா முடிஞ்சுது சார்" என்று யாராவது சொல்லிவிட்டால் போதும், ஸ்குரூ டிரைவரை எடுத்து மூடியைக் கழற்ற ஆரம்பித்துவிடுவார். பத்தில் எட்டுத் தடவை உள்ளே ஏதாவது இருக்கும். கூடுதலாக ஒரு வார்த்தை வந்தால் அந்த வார்த்தை எதையோ மூடுகிறது என்பது அவர் எண்ணம். அவர் விளாத்திகுளத்தில் இல்லாமல் போனது என் துரதிர்ஷ்டம்.

வயரிங் முடிந்தது. ஆய்வுக்கு வந்தவர்கள் பார்த்தார்கள், பறப்பதற்கான அனுமதியும் வந்தது. பங்குனியில் ஒரு வெள்ளிக்கிழமை காலையை கோமதி குறித்துவிட்டார். சொந்தபந்தங்களுக்கெல்லாம் சொல்லியாயிற்று. அப்போதுதான் சுடலை வந்து சேர்ந்தார்.

சுடலைக்கு ஐம்பது அறுபது ஆடுகள். ஓடுபாதை போடுவதற்குப் பல தலைமுறைக்கு முன்பிருந்தே அவர் வீட்டு ஆடுகள் அந்த நிலத்தில்தான் மேய்கின்றன. விமானம் இறங்க வரும்போது ஆடுகளைக் கிழக்கு முனையிலிருந்து ஒதுக்கி வைப்பது என்று அவரோடு ஏற்கெனவே பேசி முடித்திருந்தது. ஆனால் அவருக்கு ஒரு சந்தேகம்.

"வெள்ளைப் பிளேனு. வெயிலும் வெள்ளையா அடிக்குது. காத்து அந்தப் பக்கம் போச்சுன்னா சத்தமும் கேக்காது. நீங்க வாரியன்னு எனக்கு எப்படித் தெரியும்? ஹாரன் அடிப்பியளா?"

தங்கப்பாண்டி விழுந்து விழுந்து சிரித்தார். ஆனால் கேள்வி நியாயமானது. றெக்கை முனையில் பிரகாசமான விளக்கு ஒன்று வைத்து, இறங்க வரும்போது அதைப் போட்டுக்கொண்டு வந்தால் பகலிலும் தூரத்திலிருந்தே தெரியும் என்று நான் சொன்னேன். விளக்கு கைவசம் இருந்தது. லைட்டு தன்னை நோக்கித் தாழ்ந்து வந்தால் சுடலை ஆட்டை ஓட்டுவது என்று முடிவாயிற்று. ஆய்வு செய்தவர்களிடம் தங்கப்பாண்டி போனில் பேசினார். சின்ன மாற்றம்தான், அண்ணாச்சி கையெழுத்துப் போட்டால் போதும் என்றார்கள்.

"வயரு இருக்கா அண்ணாச்சி?" என்றார் தங்கப்பாண்டி.

"தாராளமா இருக்கு" என்றேன்.

இருக்கு என்று சொல்லியிருக்கலாம். பார்த்துச் சொல்றேன் என்று சொல்லியிருந்தால் அதைவிட நல்லது. தாராளமா இருக்கு என்றேன்.

மறுநாள் சுருளை எடுத்துப் பார்த்தேன். இரண்டு கை அளவுக்குத்தான் மிச்சம். சுவிட்சுகள் இருக்கும் முன் பேனலிலிருந்து கதவுத்தூண் வழியாக றெக்கை முனை வரைக்கும் போக வேண்டும். புதிதாக வரவழைக்க வாரங்கள் ஆகும். தங்கப்பாண்டியிடம் போய், "வயர் போதாது, தப்பாச் சொல்லிட்டேன், பறக்கிறத ஒரு மாசம் தள்ளிப்போடுவோம்" என்று சொல்வதற்கு ஒரு நிமிஷம்கூடப் பிடித்திருக்காது. அவர் முகம் சுளிப்பார். கோமதி உறவினர்களுக்குப் போன் போடுவார். அவ்வளவுதானே நடந்திருக்கும்? ஆனால் "அண்ணாச்சியே கோட்டை விட்டுட்டாரா?" என்று ஒருவர் கேட்பதைக் கற்பனையில் கேட்டேன். அதைத் தாங்க முடியவில்லை.

பஸ் ஏறிக் கோவில்பட்டிக்கு வந்து, வண்டிகளுக்கு எலக்ட்ரிகல் சாமான் விற்கும் கடையில் நின்றேன்.

"எந்த வண்டிக்கு சார்?" என்றார் கடைக்காரர்.

"டிராக்டருக்கு."

"தடிமன் சரக்கு நாளைக்கு வந்திரும். இப்ப மெலிசுதான் இருக்கு. பரவாயில்லையா?"

"பரவாயில்ல."

நாளைக்கு வரை காத்திருக்கக்கூட நான் தயாராக இல்லை. தப்பு செய்கிறவனுக்குத்தான் எவ்வளவு அவசரம் பாருங்கள். சிவப்பு நிறத்தில் மெல்லிய பிவிசி வயர். தங்கப்பாண்டிக்கு மரத்தடியில் கொளுத்திக் காட்டினேனே, அதே ஜாதி.

மிச்சமிருந்த நல்ல வயரை, பேனலுக்குப் பக்கத்தில் கண்ணில் படுகிற இடத்தில் போட்டேன். பேனலுக்குப் பின்னால் மறைவில் அதோடு சிவப்பு வயரை இணைத்து, மற்ற வயர்களின் கட்டுக்குள்ளே செருகி றெக்கைக்குக் கொண்டுபோனேன். இணைக்க என்னிடம் இருந்த குழல் தடிமனான வயருக்குச் செய்தது. சிவப்பு வயர் அதில் லொடலொடவென்று ஆடியது. இழைகளை இரண்டாக மடித்துத் திணித்து அழுத்தினேன். இழுத்துப் பார்த்தேன், வரவில்லை. விளக்கைப் போட்டுப் பார்த்தேன், பளிச்சென்று எரிந்தது. தங்கப்பாண்டி கைதட்டினார். நான் கையெழுத்துப் போட்டேன்.

இந்த இடத்தில் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். ஃபியூஸ் இருக்கிறதே என்று நான் எனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அளவுக்கு மீறி மின்சாரம் ஓடினால் ஃபியூஸ் போகும். ஆனால் தளர்ந்த இணைப்பு ஒன்று சூடேறும்போது மின்சாரம் அளவோடுதான் ஓடுகிறது. ஃபியூஸுக்கு அது தெரியவே தெரியாது. இதை நான் வகுப்பே எடுத்திருக்கிறேன்.

வெள்ளிக்கிழமை காலை குடோன் வாசலில் வேனும் பைக்குமாகத் திருவிழாக் கூட்டம். பறப்பதற்கு முன்னால் விமானத்துக்குக் கண் கழிக்க வேண்டும் என்றார் கோமதி. உப்பு, வத்தல், மூன்று தெரு மண் எல்லாவற்றையும் முறத்தில் எடுத்துக்கொண்டு விமானத்தைச் சுற்றி வந்தார். குழந்தைக்கோ வீட்டுக்கோ சுற்றிப் போடுவது போலவா? றெக்கைக்கு றெக்கை அவ்வளவு நீளம்.

"மூணு சுத்து சுத்துததுக்குள்ள எனக்கே மூச்சு வாங்குது. இதுக்குப் பேசாம வானத்துல வச்சே சுத்திருக்கலாம்" என்றார்.

பெட்ரோல் இருக்கிற இடம் என்பதால் கங்குச் சட்டியைத் தள்ளி, காற்று போகும் திசையில் வைக்கச் சொன்னேன். வத்தலைக் கங்கில் கொட்டின நேரம் பார்த்துக் காற்று திரும்பிக்கொண்டது. நெடி முழுக்க எங்கள் மேலும், கதவு திறந்திருந்த விமானத்துக்குள்ளும். ஒருவர் பாக்கியில்லாமல் இருமல். கண் பட்டிருந்தால் வத்தல் கமறாது என்பார்கள் இல்லையா, அதனால் கோமதிக்கு ஒரே சந்தோஷம்.

"பாத்தியளா, என்னமா நெடி ஏறுது! கண்ணே இல்ல, சுத்தம்!"

அத்தனை பேரும் இருமிக்கொண்டிருக்க, தங்கப்பாண்டி மட்டும் புகைக்கு நடுவே நின்று நிதானமாகச் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தார். "இதுக்கா இந்த இருமல்?" என்று மச்சினனைக் கிண்டல் வேறு.

அவர் ஏறினார். சரளை பறக்க ஓடி, ஓடுபாதையில் பாதி தூரம் போவதற்குள் எழும்பினார். அந்தச் சத்தத்தை நீங்களும் கேட்டிருக்கிறீர்கள். கூட்டம் போட்ட கூச்சலைத்தான் நீங்கள் கேட்கவில்லை. கோமதி அழுதுகொண்டே சிரித்தார். வாக்கி டாக்கி அவர் கையில் இருந்தது. நான் பக்கத்தில் நின்றேன்.

முதல் சுற்று. இரண்டாவது சுற்று. இறங்கும்போது போட வேண்டிய விளக்கை ஆசையில் முதலிலிருந்தே போட்டு வைத்திருந்தார். தூரத்தில் நட்சத்திரம் மாதிரி தெரிந்தது. நன்றாகத்தான் இருக்கிறது, பயந்திருக்க வேண்டாம் என்று நினைத்துக்கொண்டேன். மூன்றாவது சுற்றில் அவர் குரல் வந்தது.

"கோமதி, கேக்குதா?"

"கேக்குது, சொல்லுங்க."

"இங்கன என்னமோ கமறுது."

கோமதி வாய்விட்டுச் சிரித்தார். "நான் போட்ட வத்தல் உங்க சட்டையிலயே ஏறிருக்கும்!"

"மாப்ள வானத்துக்குப் போயும் வத்தல விடலையே!" என்று யாரோ கத்தினார்கள். கூட்டமே சிரித்தது.

நானும் சிரித்தேன்.

வயரைப் போட்டது ஒரு தப்பு. ஆனால் இத்தனை காலம் கழித்தும் என்னை உறுத்துவது அந்தச் சிரிப்புதான். அந்தக் கணத்தில், அந்தக் கூட்டத்தில், அது வத்தலாக இல்லாமலும் இருக்கலாம் என்று தெரிந்தவன் நான் ஒருவன்தான். என் புத்தி என்ன செய்தது தெரியுமா? வத்தல்தான் என்பதற்குக் காரணம் தேடியது. கதவு திறந்திருந்தது, புகை உள்ளே போனது, துணியில் ஏறியிருக்கும், உள்ளே சூடானதும் நெடி கிளம்பும். நல்ல நல்ல காரணங்கள். படித்த மூளைக்கு அதற்கா பஞ்சம்?

பிறகு வாக்கி டாக்கியில் இருமல் கேட்டது. அடக்கப் பார்த்து முடியாமல் வெடிக்கிற இருமல். மறுபடியும் இருமல்.

தங்கப்பாண்டி வத்தலுக்கு இருமுகிற ஆள் இல்லை. கொஞ்ச நேரத்துக்கு முன்னால் புகைக்கு நடுவே நின்று பொத்தான் போட்டவர். அவர் இருமி நான் பார்த்தது ஒரே ஒரு தடவைதான்; அது வேப்பமரத்தடியில்.

"கொடும்மா" என்று வாக்கி டாக்கியைப் பிடுங்கினேன். கோமதி சிரித்த முகம் மாறாமல் என்னைப் பார்த்தார்.

இப்போது நிதானமாக நினைத்துப் பார்த்தால், அந்த ஒரு நிமிஷத்தில்தான் நான் செய்ய வேண்டியதை ஒழுங்காகச் செய்தேன். மாஸ்டர் சுவிட்சை அணைத்தால் மின்சாரம் முழுக்க நிற்கும், சூடேறுவதும் நிற்கும். ஆனால் அதோடு அவருடைய ரேடியோவும் போய்விடும். அதற்குப் பிறகு நான் ஒரு வார்த்தைகூடச் சொல்ல முடியாது. எல்லாவற்றையும் முன்கூட்டியே சொல்லியாக வேண்டும். அவர் நம்பியாகவும் வேண்டும். காரணம் சொல்லாமல் "எல்லாத்தையும் அணைங்க" என்றால், மேலே தனியாக இருக்கிற மனிதர் ஏன், என்ன என்று கேட்டுக்கொண்டிருப்பார்.

"தங்கப்பாண்டி, அது வத்தல் இல்ல. லைட்டுக்குப் போற வயர் பேனலுக்குப் பின்னால எரியுது. மட்டமான வயர். நான்தான் போட்டேன். கண்ணாடியத் திறந்து விடுங்க. மாஸ்டர் சுவிட்ச ஆஃப் பண்ணுங்க. ரேடியோ போயிரும், லைட்டு போயிரும். இன்ஜின் நிக்காது. அதுக்கு வேண்டிய பொறி மேக்னெட்டோவுலேர்ந்து தனியா வருது, பெட்ரோல் றெக்கையிலேர்ந்து தானா இறங்குது. இன்ஜின் நிக்கவே நிக்காது. ஆஃப் பண்ணிட்டு இறங்குங்க."

"நீங்களா? எந்த வயரு?"

"அப்புறம் திட்டுங்க. இப்ப ஆஃப் பண்ணுங்க."

டக்கென்று ஒரு சத்தம். அப்புறம் எதுவும் இல்லை. வானத்தில் இருந்த நட்சத்திரமும் அணைந்தது.

ஆபத்தில் இருப்பவரிடம் எதையெல்லாம் இழக்கப் போகிறார் என்று சொல்லும்போது, எது கடைசி வரை நிற்கும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். இன்ஜின் நிற்காது என்று நான் அழுத்திச் சொல்லாமல் இருந்திருந்தால், சுவிட்சின் மேல் வைத்த கை தயங்கியிருக்கும் என்று தங்கப்பாண்டியே பிற்பாடு சொன்னார்.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். கோமதி மட்டும் என்னைப் பார்க்கவில்லை, கிழக்கே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணாச்சி. லைட்டு இல்லன்னா சுடலையண்ணனுக்கு எப்படித் தெரியும்?"

நானும் கிழக்கே திரும்பினேன். கிழக்கு முனையில் ஓடுபாதையின் மேலேயே ஆடுகள் பரவி நின்றன. அந்தப் பக்கமாகத்தான் இறங்க வர வேண்டும். சுடலை லைட்டு தாழ்ந்து வருவதற்காகக் காத்துக்கொண்டிருப்பார்.

"ஏறுங்க" என்றார் கோமதி. அவருடைய ஸ்கூட்டர் வேப்பமரத்தடியில் நின்றது. நான் பின்னால் உட்கார்ந்தேனா தொங்கினேனா என்று நினைவில்லை. சரளையில் அந்த வேகத்தில் யாரும் ஸ்கூட்டர் ஓட்டி நான் பார்த்ததில்லை. தோளில் கிடந்த துண்டை எடுத்து வீசிக்கொண்டே, "சுடலை! ஆட்ட ஓட்டும்!" என்று கத்தினேன்.

தூரத்தில் சுடலையும் தலைத்துண்டை அவிழ்த்துச் சந்தோஷமாக எங்களுக்கு வீசினார்.

"அய்யோ, கொண்டாடுதோம்னு நெனைக்காரு" என்றார் கோமதி. ஹாரனில் கையை வைத்தவர் எடுக்கவே இல்லை. நேராக மந்தைக்குள் ஸ்கூட்டரை விட்டார். ஆடுகள் சிதறின.

"என்ன தாயி இது, ஆட்டு மேல வண்டிய விடுதிய! இன்னும் லைட்டு வரலியே!" என்று சுடலை ஓடி வந்தார்.

"லைட்டு வராதுண்ணே! அவிய வாராவ!"

அதற்குமேல் சுடலைக்கு விளக்கம் தேவைப்படவில்லை. நாக்கை மடித்து ஒரு சீழ்க்கை அடித்தார் பாருங்கள், பாதி மந்தை தானாகத் திரும்பியது. மீதியை நாங்கள் மூன்று பேரும் துண்டாலும் கையாலும் வாயாலும் விரட்டினோம். ஒரு கிடா மட்டும் நடுப்பாதையில் நின்றுகொண்டு என்னைப் பார்த்தது. கொம்பைப் பிடித்து இழுத்தேன். அது என்னை இழுத்தது. கடைசியில் இரண்டு பேருமே ஓரத்துப் பள்ளத்தில் விழுந்தோம். தலைக்கு மேலே நிழல் ஒன்று கடந்தது. சக்கரம் சரளையில் உரசும் சத்தம் கேட்டது. அதைவிட இனிமையான சத்தத்தை நான் கேட்டதில்லை.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது தங்கப்பாண்டி இறங்கி, றெக்கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். கண் இரண்டும் ரத்தமாகச் சிவந்திருந்தன. கோமதி அவர் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தார். பிறகு அதே இடத்தைத் தடவிக் கொடுத்தார். நான் பேனலைக் கழற்றினேன். இணைப்பு இருந்த இடத்தில் சிவப்பு உறை உருகி, பக்கத்து வயர்கள் மேல் பாகாக ஒட்டியிருந்தது. அந்த வயர்களின் வெள்ளை உறை கறுத்திருந்ததே தவிர உருகவில்லை. அவை தாங்கியதால்தான் தீ பரவவில்லை.

தங்கப்பாண்டி எட்டிப் பார்த்தார்.

"டிராக்டர் வயரா அண்ணாச்சி?"

"ஆமா."

"தாராளமா இருக்குன்னு சொன்னிய?"

"இல்ல. பாக்காமச் சொன்னேன். அப்புறம் சொல்ல வெக்கப்பட்டேன்."

அவர் அந்த உருகலை விரல் நகத்தால் சுரண்டிப் பார்த்தார். "டிராக்டர்லகூட இத ஹாரனுக்குத்தான் போடுவோம்" என்றார்.

யாரும் சிரிக்கவில்லை. அவரே சிரித்தார், சிரிக்கப் போய் இருமினார். என் பையை எடுத்துக்கொண்டு, "நான் போயிட்டு வாரேன். வேற ஆளப் பாத்துக்கோங்க" என்றேன்.

"போறதா? நல்லாருக்கே! இதுல எந்த வயரு நல்லது, எது கெட்டதுன்னு உங்களுக்குத்தானே தெரியும்? எல்லாத்தையும் கழத்துங்க. முதல்லேர்ந்து போடுங்க. போட்டு முடிச்சிட்டு வேணும்னா போங்க."

அப்படித்தான் இரண்டாவது தடவை வயரிங் ஆரம்பமானது. புதுச் சுருள் வரும்வரை, பழையதை ஒவ்வொன்றாக உருவி எடுத்தேன். ஆய்வு செய்தவர்களுக்கு நடந்ததை நடந்தபடி எழுதினேன். திரும்ப வந்து முழுக்கப் பார்த்துவிட்டுத்தான் அனுமதி தந்தார்கள். தங்கப்பாண்டி தீக்குச்சிக் கதையைச் சொல்வதை நிறுத்திவிட்டார். டிராக்டர் கதையைச் சொல்ல ஆரம்பித்தார். கேட்கிறவர்களுக்கு இதுதான் அதிகம் பிடித்திருந்தது. நான் கிடாவோடு விழுந்த இடம் வரும்போது அவர் எழுந்து நின்று நடித்தே காட்டுவார்.

கோமதி மட்டும் அதைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. வழக்கம் போலப் பேசினார், வழக்கம் போலக் கேலி செய்தார். ஒருநாள் மத்தியானம் நான் தனியாக விமானத்துக்குள் தலையை விட்டு வேலை செய்துகொண்டிருந்தபோது, வத்தல் மூட்டை ஒன்றின் மேல் வந்து உட்கார்ந்தார்.

"அண்ணாச்சி, ஒண்ணு கேக்கணும்."

"கேளும்மா."

"வயரப் பத்தி இல்ல. வயரு எனக்குத் தெரியாது. ஆளு தப்புப் பண்ணும், அதும் எனக்குத் தெரியும். அவிய கமறுதுன்னு சொன்னப்ப நான் சிரிச்சேன். எனக்கு வெவரம் தெரியாது, சிரிச்சேன். நீங்க ஏன் சிரிச்சிய?"

தலையை வெளியே எடுத்தேன். அவர் கோபமாக இல்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். அதுதான் கஷ்டமாக இருந்தது.

"எல்லாரும் சிரிச்சாங்க. நான் மட்டும் சிரிக்காம நின்னா, என்னன்னு யாராவது கேப்பாங்களோன்னு பயம்."

அவர் தலையை ஆட்டினார். அதை முன்பே யோசித்து வைத்திருந்தது போல இருந்தது.

"நானே கேட்டிருப்பேன்" என்றார். "உங்க மொகத்தப் பாத்துட்டுத்தான் நான் சிரிச்சிட்டே இருந்தேன் அண்ணாச்சி. உங்களுக்குத் தெரியாததான்னு. நீங்களும் சிரிச்சிய, எனக்கு நிம்மதியாயிருச்சு."

அவர் எழுந்து சேலையைத் தட்டிவிட்டுக்கொண்டார்.

"இனிமே அவிய மேல இருக்கப்ப நாங்க என்ன கூத்தடிச்சாலும் நீங்க சிரிக்காதீங்க. சிரிக்காம இருக்கதுக்கு ஒரு ஆளு வேணும். நீங்க இருங்க."

நீங்கள் வேலைக்குச் சேர்ந்த பிறகு இந்த விமானம் எத்தனையோ தடவை பறந்துவிட்டது. இப்போது இரண்டாவது விமானமும் பெட்டி பிரித்தாயிற்று. அதன் வயரிங் உங்கள் கையில். ஓடுபாதை ஓரத்தில் நின்று நீங்கள் அடிக்கும் ஜோக்குகள் என் காதில் விழாமல் இல்லை. சில ஜோக்குகள் உண்மையிலேயே நன்றாக இருக்கின்றன. பெரியவர் சிடுமூஞ்சி, பல் தெரிந்தால் காசு போய்விடும் என்று நினைக்கிறார் என்று நீங்கள் பேசிக்கொள்வதும் விழுகிறது.

சக்கரம் தரையைத் தொடட்டும். நான் சிரிக்கிறேன்.